சாப்பர் மிதிவண்டியை மின்மிதிவண்டியாக்கல்

உயர்ந்து வளைந்த கைப்பிடி, முதுகுச் சாய்வுள்ள நீள சீட், பின்னதைவிடச் சிறிய முன்சக்கரம் ஆகியவை சாப்பர் மிதிவண்டியின் அடையாளங்கள். இதில் மோட்டார், பேட்டரி, கன்ட்ரோலர் மூன்றையும் பொருத்தி, பெடலோடு மோட்டாரும் இழுக்கும்படி செய்வது மின்மாற்றம். சாதாரண ரோட்ஸ்டர் சைக்கிளை மாற்றுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எடை விழும் இடத்தில் இருக்கிறது. சாப்பரில் ஓட்டுபவரின் பாரம் பெரும்பகுதி பின்சக்கரத்தில் இறங்கும்.

தோற்றம்

1960-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாச் சிறுவர்கள் 20 அங்குலச் சைக்கிளுக்கு உயரக் கைப்பிடியும் நீள சீட்டும் மாட்டி ஓட்டினர். ஷ்வின் சைக்கிள் நிறுவனத்தின் ஆல் ஃபிரிட்ஸ் இதைக் கவனித்து 1963-ல் ஸ்டிங்-ரே வண்டியைக் கொண்டுவந்தார். ஆக, சாப்பர் பிறந்ததே தெருவில் செய்த மாற்றத்தில்தான். தொழிற்சாலை பின்னால் வந்தது. 1968-ல் ஷ்வினின் கிரேட் வரிசையில் முன்சக்கரம் 16 அங்குலமாகச் சிறுத்தது.

அந்த வடிவத்துக்குச் சாப்பர் என்ற பெயரை நிலைநிறுத்தியது இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இருந்த ராலே நிறுவனம். ஆலன் ஓக்லி வடிவமைத்த ராலே சாப்பர் 1969-ல் வட அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு பிரிட்டனிலும் விற்பனைக்கு வந்தது. வடிவமைப்பாளர் டாம் காரென் இது தன் வரைவு என்று உரிமை கோரியதுண்டு. இக்கட்டுரை ஓக்லியின் பெயரையே கொள்கிறது. பின்சக்கரம் 20 அங்குலம், முன்சக்கரம் 16. சட்டகத்தின் மேல் கார் பாணியில் ஒரு கியர் லீவர். பின்பாரம் மிகுந்து முன்சக்கரம் தூக்கிக்கொள்கிறது என்ற புகாரால் 1972-ல் வந்த இரண்டாம் வடிவில் சீட்டைச் சற்று முன்னே நகர்த்தினர். ராலேவை 1960 முதல் தன்வசம் வைத்திருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனம்தான், 1949-ல் முருகப்பா குழுமத்தோடு கைகோத்துச் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது.

மின்மிதிவண்டி சாப்பரைவிட மிகப் பழையது. அமெரிக்கரான ஆக்டன் போல்டன் 1895 டிசம்பர் 31-ல் பெற்ற காப்புரிமையில் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவிலும் பேட்டரி சட்டகத்தின் நடுவிலும் இருந்தன. சாப்பருக்கு இன்றும் ஏற்ற ஏற்பாடு அதுவே.

மாற்றும் முறை

முன்சக்கர மோட்டார் மாட்டுவது எளிது, ஆனால் சாப்பருக்கு ஆகாது. பாரமில்லாத 16 அங்குலச் சக்கரம் மணலில் வழுக்கும். பின்சக்கரத்தின் நடுவே அமையும் ஹப் மோட்டாரே சரி. கியர் இல்லாத பழைய சட்டகங்களில் பின்ஃபோர்க்கின் இடைவெளி 110 முதல் 120 மி.மீ.; மோட்டாருக்குப் பெரும்பாலும் 135 வேண்டும். இரும்புச் சட்டகத்தை நெம்பி அகட்டலாம், அலுமினியத்தை அகட்டக் கூடாது. ஹப்பில் கியர் உள்ள வண்டியானால், பின் ஹப்பைக் கழற்றுவதால் அந்தக் கியர் போய்விடும். லீவர் அழகுக்கு நிற்கும்.

மோட்டாரின் சுற்று வேகத்தைப் பார்த்து வாங்குவது முக்கியம். மணிக்கு 25 கி.மீ. போக 26 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்றும், 20 அங்குலச் சக்கரம் சுமார் 265 சுற்றும் சுற்ற வேண்டும். பெரிய சக்கரத்துக்கான மோட்டாரைச் சாப்பரில் மாட்டினால் இழுவை கூடும், வேகம் 19-ஐத் தாண்டாது. ஹப் பெரிதாக இருப்பதால் கம்பிகள் குட்டையாகவும் தடிமனாகவும் வேண்டும். கோட்டம் எடுக்கத் தெரிந்த பழைய சைக்கிள் கடைக்காரரிடம் ரிம்மைக் கொடுப்பது நல்லது. மோட்டாரின் அச்சு ஃபோர்க்கில் சுழன்று ஒயரை அறுத்துவிடாமலிருக்க டார்க் ஆர்ம் என்னும் இரும்புப் பட்டை கட்டாயம். கைப்பிடி உயரமானதால் பிரேக் சுவிட்ச், த்ராட்டில் ஒயர்களை நீட்ட வேண்டும். கைப்பிடி முழுதும் திரும்பும்போது இழுபடாதபடி கழுத்தருகே சிறிது தளர்வு விடுவர்.

பேட்டரியைப் பின் கேரியரில் வைப்பவர்கள் 1972-க்கு முந்தைய குறையைத் திரும்ப வரவழைக்கிறார்கள். ஈய அமிலப் பேட்டரி மூன்று சேர்ந்தால் 12 கிலோ வரும். அதைப் பின்னால் ஏற்றினால் ஏற்றத்தில் முன்சக்கரம் எழும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி அதில் கால்பங்கு எடைதான், சட்டகத்தின் நடுவே அடங்கும்.

கொங்குப் பகுதி

இந்தியாவின் முதல் மின்மோட்டார் 1937-ல் கோவையில் ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோர் முயற்சியில் உருவானது. மின்வாகன நிறுவனமான ஆம்பியரையும் 2008-ல் ஹேமலதா அண்ணாமலை கோவையில்தான் தொடங்கினார். 2018-ல் அதன் பெரும்பங்கு கிரீவ்ஸ் காட்டன் கைக்கு மாறியது.

மேற்சொன்ன லித்தியம் பேட்டரியில் வண்டி சமதரையில், காற்றில்லாத நாளில், சுமார் 30 கி.மீ. ஓடும்; உடுமலைப்பேட்டையிலிருந்து பொள்ளாச்சியை எட்டலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கும்போது கதை வேறு. காற்றாலைகளுக்கு வரமான அதே காற்று, மேற்கே போகும் சாப்பரைத் தடுக்கிறது. 25 கி.மீ. வேகக் காற்றை எதிர்த்து 25-ல் போனால் காற்றின் தடை நான்கு மடங்கு. கைகளை உயர்த்தி நிமிர்ந்து உட்காருபவர் குனிந்து தப்பவும் வழியில்லை. மூணாறு மலைச்சாலை போன்ற நெடும் ஏற்றத்தில் ஹப் மோட்டார் சூடேறும்.

சட்டம், இன்றைய நிலை

1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டார் 0.25 கிலோவாட்டுக்கும் வேகம் 25 கி.மீ.க்கும் குறைந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பின் சான்றும் இருந்தால் அது மோட்டார் வாகனம் அன்று. மாற்று கிட்கள் இப்போது இணையக் கடைகளில் கிடைக்கின்றன.