குன்னூர் எலிகளும் புழுங்கலரிசியும்

சென்ற ஆண்டு என் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர் சுருக்கமாகத் தீர்ப்புரைத்தார்: சோற்றைக் குறையுங்கள், நடையைக் கூட்டுங்கள். அன்றுமுதல் சோற்றுப் பானையைப் பகைவனைப் பார்ப்பதுபோல் பார்த்து வந்தேன். அரிசியின் வரலாற்றைச் சற்றே படித்த பின், பகை யாரோடு என்பதில் ஐயம் எழுந்தது.

பெரிபெரி என்றொரு நோய் உண்டு. நரம்புகளைத் தளர்த்தும், கால்களை முடக்கும், இதயத்தையும் தாக்கும். 1890களில் ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் ஐக்மன், தீட்டிய அரிசியை மட்டுமே தின்ற கோழிகள் அதையொத்த நோயால் வீழ்வதையும், தவிடு நீக்காத அரிசியால் தேறுவதையும் கண்டார். தவிட்டோடு போனது பி1 உயிர்ச்சத்து என்பது பின்னர் தெளிவாயிற்று. ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்நோயை ஆராய 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பணி தொடங்கினார். அந்த ஓரறை ஆய்வகமே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

மெக்காரிசனின் எலிச் சோதனை புகழ்பெற்றது. ஒரே வகை எலிகளைப் பிரித்து, சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் எனப் பலரின் உணவை ஒவ்வொரு குழுவுக்கும் அளித்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி உண்ட சீக்கிய எலிகள் வளர்ச்சியில் முதலிடம் பெற்றன. நம் எலிகளுக்குக் கடைசி இடம்! ‘போர்க்குடி’ என்றும் ‘சோனிக்குடி’ என்றும் ஆங்கில அரசு மக்களைப் பிரித்துவைத்திருந்த காலம் அது. வேறுபாடு பிறப்பில் மட்டுமன்று, தட்டிலும் உண்டு என்று எலிகள் சாட்சி கூறின.

எனில், அரிசிதான் குற்றவாளியா? அன்றைய சென்னை மாகாணத்திலேயே மறுப்பு இருந்தது. தீட்டிய பச்சரிசி உண்ட வடகடலோரத் தெலுங்கு மாவட்டங்களில் பெரிபெரி பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரிதும் தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கையில் தவிட்டுச் சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. உயிர்ச்சத்து என்ற சொல்லே பிறவாத காலத்தில், நெல் அவித்த பெண்கள் அறியாமலே செய்த காப்பு இது.

பிறகு ஊர்தோறும் அரவை ஆலை வந்தது. தானியத்திலிருந்து தவிட்டையும் உடலிலிருந்து உழைப்பையும் அது ஒருசேர நீக்கியது. உலக்கைக்குத் திரும்புவோம் என்று நான் சொல்லவில்லை. என் பாட்டியின் உள்ளங்கைக் காய்ப்பைத் தொட்டுப் பார்த்தவன் நான். அதை வாழ்த்திப் பாட எனக்கு உரிமையில்லை. ஆனால் உலக்கை போன இடத்தில் நாம் எதை வைத்தோம்? நாற்காலியை.

மருத்துவர் சொன்னது சரியே. சோறு குறையத்தான் வேண்டும். குறைந்த இடத்தை எது நிரப்புகிறது என்பதுதான் குன்னூர் கற்பிக்கும் பாடம். என் தட்டில் இப்போது கீரையும் பருப்பும் மிகுந்திருக்கின்றன. கல்லூரிக்கு நடந்தே செல்கிறேன். பானையோடு சமாதானமாகிவிட்டது.