எந்த வருசத்து எஞ்சின்?



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்கப் போகிறோம்.

எமது பாடசாலையின் வரலாற்றுக் கண்காட்சிக்காக இம்முறை தரம் 10 பிள்ளைகள் ஒரு புகையிரத எஞ்சினின் மாதிரியைச் செய்து வருகிறார்கள். கண்டியில் இருந்துகொண்டு கோச்சியை விட்டுவிட்டு வரலாறு படிப்பிக்க முடியாது. 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை 54 கிலோமீற்றர் ஓடிய பாதை, 1867இல் கண்டிக்கு வந்து சேர்ந்தது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்ட பாதை அது. றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை ஏற்றம் 45க்கு 1. அதாவது 45 அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏற வேண்டும். இதெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடமாகத் தெரியும். ஆனால் ஓர் எஞ்சினுக்கு என்ன நிறம் பூசுவது என்ற கேள்விதான் எம் எல்லோரையும் மடக்கிப் போட்டது.

கதை தொடங்கியது அயர்லாந்திலிருந்து. டப்ளினில் வேலை செய்யும் எமதூர்ச் சகோதரர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது, அங்கே பழைய பொருள் விற்கும் இடத்தில் வாங்கிய ஒரு சிறிய எஞ்சினைப் பாடசாலைக்குத் தந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. சாம்பலும் மஞ்சளும் பூசியது. அயர்லாந்துப் புகையிரத சேவை 1961இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியிடம் வாங்கிய 121 வகை டீசல் எஞ்சினின் மாதிரி அது. பிடிகம்பிகள் தலைமயிர் போல. சக்கரங்களைச் சுற்றிச் செம்பழுப்பு பிறேக் தூள். புகைபோக்கிக்குப் பக்கத்தில் கரி. யாரோ ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு புது எஞ்சினைப் பழசாக்கியிருக்கிறார். பிள்ளைகளுக்கு ஆச்சரியம். "காசு குடுத்து வாங்கிட்டு ஏன் சேர் ஊத்தையாக்கிறாங்க?" என்று ஒருவன் கேட்டான்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் நாமும் படித்துக்கொண்டோம். அயர்லாந்தில் இது வெறும் விளையாட்டு அல்ல. சிரில் பிரை என்பவர் டப்ளினின் இஞ்சிக்கோர் புகையிரத வேலைத்தளத்தில் வரைபடம் வரைபவராக இருந்தார். அவர் தன் கையாலேயே அந்த நாட்டின் எஞ்சின்களையும் பெட்டிகளையும் சிறிதாகச் செய்து குவித்தார். அந்தச் சேகரிப்பு இன்று டப்ளினுக்கு வடக்கே மலஹைட்டில் அரும்பொருட்காட்சியாக இருக்கிறது. மூடப்பட்டுப்போன எத்தனையோ பாதைகளின் வண்டிகளை அந்த நாட்டுப் பிள்ளைகள் இன்று இப்படியான மாதிரிகளில்தான் பார்க்கிறார்கள்.

மாதிரி செய்பவர்களின் முதற் கேள்வி "என்ன நிறம்?" அல்ல, "எந்த வருடம்?" என்பதுதான். அங்கே 1955இல் வந்த 'ஏ' வகை டீசல் எஞ்சின்கள் முதலில் வெள்ளி நிறம். எண்ணெயும் கரியும் பட்டுச் சீக்கிரமே அசிங்கமாகிப்போக, பச்சை பூசினார்கள். பிறகு கறுப்பு. 1972 முதல் செம்மஞ்சளும் கறுப்பும். அதே இரும்பு, அதே சக்கரம், ஆனால் நான்கு காலம். எல்லையைக் கடந்து டப்ளினுக்கும் பெல்பாஸ்ட்டுக்கும் ஓடிய கிரேட் நொதர்ன் கம்பனியின் பெரிய பயணிகள் எஞ்சின்கள் வான்நீலம். 1958இல் அந்தப் புகையிரத சேவையே இரண்டு அரசுகளுக்கிடையே பிரிக்கப்பட்டது. நீலமும் போனது. ஆகவே ஒரு மாதிரியில் நீலத்தைக் கண்டால், பிரிவினைக்குப் பிறகும் பிரியாமல் ஓடிய ஒரு சேவையின் காலம் அது என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

அந்த 121 எஞ்சினுக்கு எமது நாட்டில் ஓர் உறவுக்காரர் உண்டு. எமது எம்2 வகை எஞ்சின்தான் அது. அதுவும் ஜெனரல் மோட்டர்ஸ் குடும்பம், ஆனால் கனடாவிலே கட்டப்பட்டது. அயர்லாந்து எஞ்சினுக்கு 8 சிலிண்டர், எம்2க்கு 12. இயந்திரக் குடும்பம் ஒன்றே. 1950இல் கொழும்பில் நடந்த பொதுநலவாய வெளிநாட்டமைச்சர்கள் மாநாட்டில் பிறந்த கொழும்புத் திட்டத்தின் கீழ், 1954இல் முதலாவது எம்2 எஞ்சின்கள் கனடாவிலிருந்து வந்தன. அதனால்தான் அவற்றுக்கு ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர்கள். நீராவியிலிருந்து டீசலுக்கு மாறிய அந்தக் காலத்தை வழிநடத்தியவர் பி. டி. ரம்பால. யாழ் தேவியும் உடரட்ட மெனிக்கேயும் 1956இல் ஓடத் தொடங்கியது அவர் பொது முகாமையாளராக இருந்தபோதுதான்.

எந்த எம்2ஐச் செய்வது? பிள்ளைகள் இரண்டு பிரிவாகிவிட்டார்கள். ஒரு பிரிவு 591 மனிட்டோபாவைக் கேட்டது. 2004 டிசம்பர் 26இல் பெரேலியவில் சுனாமி அடித்த கோச்சியை இழுத்துச் சென்ற எஞ்சின் அது. 1,700க்கும் அதிகமானோர் அந்த ஒரு வண்டியில் மாண்டார்கள். எஞ்சினை மீட்டுத் திருத்தியபோது அதன் உடலில் அலை வடிவம் ஒன்றைத் தீட்டினார்கள். பூச்சு என்பது அழகுக்கு மட்டுமல்ல, நினைவுக்கும்தான் என்பதற்கு எமது நாட்டிலேயே இருக்கும் சாட்சி.

மற்றப் பிரிவில் ஒரு மாணவி மட்டும்தான் இருந்தாள். அவள் கேட்டது 628. 1960களில் வந்த கடைசித் தொகுதியைச் சேர்ந்தது. அதற்குக் கனடியப் பெயர் இல்லை. அதன் பெயர் காங்கேசன்துறை.

வடக்குப் பாதையின் கடைசி நிலையம் காங்கேசன்துறை. 1990 ஜூனில் யாழ் தேவி யாழ்ப்பாணத்துக்குப் போவது நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்களும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்டோபரில் கோச்சி மீண்டும் யாழ்ப்பாணம் போனது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் போனது. இடையில் ஏறத்தாழ 25 வருடங்கள், காங்கேசன்துறை என்று பெயர் பொறித்த எஞ்சின் ஒன்று எமது நாட்டில் இருந்தது, காங்கேசன்துறைக்குப் போக முடியாமல்.

அந்த மாணவியின் உம்மம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் அத்தனை பேரையும் வெளியேற்றியபோது வெளியே வந்த குடும்பம். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். இதைக் கேட்ட பிறகு 591 கேட்ட பிள்ளைகளும் மறுபேச்சுப் பேசவில்லை. 628 என்று முடிவானது.

வேலை தொடங்கியது. ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர் என்பது அளவு. எமது பாதையின் அகலம் ஐந்தரை அடி, ஆகவே மாதிரியில் 22 மில்லிமீற்றர். அயர்லாந்துப் பாதை எம்முடையதை விட மூன்றங்குலம்தான் குறைவு, அவர்களுக்கு 21. ஆனால் கடையில் விற்கும் மாதிரித் தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர். அயர்லாந்தில் பெரும்பாலானோர் அதை ஏற்றுக்கொண்டு ஓட்டுகிறார்கள். பிடிவாதக்காரர் சிலர் 21க்குத் தாங்களே தண்டவாளம் போடுகிறார்கள். எமது எஞ்சின் ஓடப் போவதில்லை என்பதால் நாமும் பிடிவாதமாக 22 என்றே வைத்தோம். உடலுக்கு பிறிஸ்டல் போட் பல அடுக்கு, பிடிகம்பிக்குக் குண்டூசி, கீழே மலைப்பாதைக்கு ரெஜிபோம். ஹாட்வெயார் கடையில் சாம்பல் நிற முதற்பூச்சு வாங்கி, மெல்லியதாக மூன்று தடவை அடித்து, இடையிடையே நுண்ணிய சேண்ட் பேப்பரால் தேய்த்தார்கள். தடிப்பாக ஒரே தடவையில் அடித்தால் ஆணித்தலைகளும் கதவு விளிம்புகளும் பூச்சுக்குள் மறைந்துவிடும்.

அதன் பிறகுதான் சண்டை. ஒரு பிள்ளையின் வாப்பா நீலமும் வெள்ளியும் என்றார். இன்னொருவரின் மாமா இல்லவே இல்லை, செம்பழுப்பு என்றார். எமது ஊரில் புகையிரதத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு ஹாஜியாரிடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் மாதிரியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த வருசத்து எஞ்சின் மகன்?" என்று கேட்டார். நாம் முழித்தோம். "இரத்மலானை வேலைத்தளத்துக்குப் பெரிய திருத்தத்துக்குப் போனா, போன நிறத்திலயே திரும்பி வரும் எண்டு இல்ல. அவங்க சொன்ன ரெண்டும் சரியா இருக்கலாம். நீங்க வருசத்தச் சொல்லுங்க" என்றார். அயர்லாந்து மாதிரிக்காரர் கேட்கும் அதே கேள்வி, எமது ஊர் ஹாஜியாரின் வாயிலிருந்து.

அன்று வகுப்பில் வருடத்தைத் தீர்மானித்தோம். 1989. காங்கேசன்துறைக்குக் கோச்சி போய்க்கொண்டிருந்த கடைசி முழு வருடம்.

வருடம் கிடைத்தது, நிறம் கிடைக்கவில்லை. பழைய படங்களைத் தேடினோம். கறுப்பு வெள்ளைப் படம் நிறத்தைச் சொல்லாது. மிகப் பழைய படச்சுருள்கள் பொய்யே சொல்லும்: அவற்றில் நீலம் வெள்ளையாகவும் சிவப்பு கறுப்பாகவும் விழும். 80களின் வர்ணப் படங்களும் முழுதாக நம்பத் தக்கவை அல்ல. காலம் போகப் போக அவை பலதும் சிவந்து போகின்றன. அதே படத்தில் நிச்சயமாக நிறம் தெரிந்த ஒரு பொருள், ஒரு பச்சைக் கொடியோ தபால் பெட்டியோ இருந்தால்தான் ஒப்பிட்டுச் சொல்லலாம்.

அந்த மாணவியின் உம்மம்மாவிடமும் போனோம். கல்யாணமாகி யாழ் தேவியில் ஏறி, பொல்காவலையில் இறங்கி, கோச்சி மாறிக் கண்டிக்கு வந்ததை அவர் நேற்று நடந்தது போலச் சொன்னார். படம் ஏதும் இருக்கிறதா உம்மம்மா என்று பிள்ளைகள் கேட்டார்கள். "அல்பம் அலுமாரிக்குள்ள இருந்திச்சு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "எஞ்சின்ட நிறம் எனக்கு ஞாபகம் இல்ல மகள். ஆனா வவுனியா தாண்டினா புழுதி. யன்னல், சீட், என்ட வெள்ளச் சீலை எல்லாம் புழுதி. உம்மா வீட்டு வாசலில தட்டித் தட்டித்தான் உள்ள விட்டாங்க."

திரும்பி வரும் வழியில் ஒரு மாணவன், "யாருக்குத் தெரியப் போகுது சேர், நீலத்தையே அடிச்சுருவம்" என்றான். கண்காட்சிக்கு நாளும் கிட்டி வருகிறது. அவன் சொன்னதில் பிழை பிடிக்க முடியாது. ஆனாலும் நாம் வேண்டாம் என்றோம். தெரியாத இடத்தை எமக்குப் பிடித்த நிறத்தால் நிரப்பிவிட்டு, அதை வரலாறு என்று நாளைய பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாது. இந்த நாட்டில் ஏற்கெனவே பலர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே 628 இப்போது சாம்பல் நிற முதற்பூச்சோடு வகுப்பறை மேசையில் நிற்கிறது. நிறம் கிடைக்காவிட்டால் அப்படியே கண்காட்சிக்கு வைப்போம், "நிறம் தேடுகிறோம்" என்று ஓர் அட்டையோடு. நிச்சயமாகத் தெரிந்த ஒன்றுக்கு மட்டும் பிள்ளைகள் ஆயத்தமாகிவிட்டார்கள். வெளிறிய மண்நிறச் சோக்கை இடித்துத் தூளாக்கிச் சிறு போத்தலில் வைத்திருக்கிறார்கள். கண்டியின் செம்மண் அல்ல, வவுனியாவுக்கு அப்பால் உள்ள புழுதி. ஏன் ஊத்தையாக்குகிறார்கள் என்று முதல் நாள் கேட்டவன்தான் அதை இடித்தவன்.

இனி உங்களிடம் கேட்கும் உதவி. உங்கள் வீட்டு அல்பங்களைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். 1980களில் எடுத்த கல்யாணப் பயணம், நுவரெலியாச் சுற்றுலா, ஹஜ்ஜுக்கு வழியனுப்பிய நாள், பேராதனைச் சந்தியிலோ கண்டி நிலையத்திலோ நின்று எடுத்த படம், எதுவானாலும் சரி. ஆட்களைப் பார்க்காமல் பின்னணியைப் பாருங்கள். எம்2 எஞ்சின் ஒன்று தெரிந்தால் படத்தின் முன்பக்கத்தையும், திகதி எழுதிய பின்பக்கத்தையும் எடுத்து உட்பெட்டிக்கு அனுப்புங்கள். முகங்களை மறைத்துவிட்டே பயன்படுத்துவோம். வடக்கிலிருந்து வந்த உறவுகளிடம் படம் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஞாபகத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகள் எழுதி வைத்துக்கொள்வார்கள்.

கடுகண்ணாவையில் 2014இல் திறந்த தேசிய புகையிரத அரும்பொருட்காட்சியகம் எமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு எஞ்சினுக்கு முன்னாலும் நின்று ஹாஜியாரின் கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: இது எந்த வருசத்து நிறம்?

நிறம் கிடைத்தால், இன்ஷா அல்லாஹ், முதற் படத்தை இங்கேயே போடுவோம். புழுதியைப் பூசும் வேலையை உம்மம்மாவின் கையால் தொடங்கி வைக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் விருப்பம். அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.