தயிர்சாத நாயும் வைட்டமின் டி-யும்

நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்? அதனால வைட்டமின் டி குறைபாடுன்னு யாராவது சொன்னா, "அது குளிர்நாட்டு வியாதி"ன்னு ஒதுக்கிடுவோம். மனுஷங்களுக்கே இது முழுசா சரியில்லை. நாய்களுக்கு சுத்தமா சரியில்லை. காரணம் தெரியணும்னா ஒரு நூறு வருஷம் பின்னாடி போகணும், வாங்க.

முதல் உலகப் போர் சமயத்துல இங்கிலாந்துக் குழந்தைகளை ரிக்கெட்ஸ் பாடாய்ப் படுத்தியது. எலும்பு உறுதி இல்லாம கால் வில்லு மாதிரி வளைஞ்சு போகும். அடைஞ்சு கிடக்குறதுதான் காரணம்னு கிளாஸ்கோ மருத்துவர்கள் சொன்னாங்க. இல்லை, சாப்பாட்டுக் கோளாறுன்னு சொன்னவர் எட்வர்ட் மெலன்பி. லண்டன்ல நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே வச்சு, ஓட்ஸ் கஞ்சி, ரொட்டி, கொஞ்சம் பால்னு கொடுத்து வளர்த்தார். கால்கள் வளைஞ்சன. காட் மீன் ஈரல் எண்ணெய் கொடுத்தார், நோய் வரலை. 1919-ல் முடிவுகள் வெளியாயின. அந்தக் குட்டிகள் பட்ட பாட்டை நினைச்சா மனசு கனக்குது. ஆனா பல லட்சம் குழந்தைகளின் கால்கள் நேரானதுல அதுங்களுக்கும் பங்கு உண்டு.

அந்த எண்ணெயில் இருந்தது என்ன? வைட்டமின் ஏ-ன்னுதான் பலரும் நினைச்சாங்க. அமெரிக்காவில் மெக்காலம், எண்ணெயைச் சூடாக்கி அதில் காற்றைச் செலுத்தி ஏ-வை அழிச்சார். அப்பவும் அது ரிக்கெட்ஸைக் குணமாக்கியது. ஏ, பி, சி ஏற்கெனவே இருந்ததால இது டி ஆச்சு. வருஷம் 1922.

இன்னொரு பக்கம், 1919-லேயே பெர்லின்ல ஹுல்ட்ஷின்ஸ்கி புற ஊதா விளக்கு ஒளியாலேயே குழந்தைகளைக் குணப்படுத்திக் காட்டினார். அப்போ சாப்பாடா, வெளிச்சமா? மனுஷங்களுக்கு ரெண்டுமே. நாய்க்கு? விடை வர 1994 ஆச்சு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வில், நாயின் தோலில் டி தயாரிக்கத் தேவையான மூலப்பொருள் ரொம்பக் குறைவுன்னு தெரிஞ்சது. வெயில்ல நாள் பூரா கிடந்தாலும் அதால போதுமான அளவு தயாரிக்க முடியாது. சாப்பாடுதான் வழி. மெலன்பி நாயைத் தேர்ந்தெடுத்தது ஒருவகையில் அதிர்ஷ்டம்!

இப்போ நம்ம பக்கம் வருவோம். கடலூர் துறைமுகத்துல திரியுற நாய் மத்தி மீன் தலை, குடல்னு தின்னும். மத்தியில டி நிறைய. சிதம்பரம் வீதிகள்ல பைரவர் வாகனம்னு அன்பா பால் சாதமும் தயிர் சாதமும் போடுறோம். புண்ணியம்தான், ஆனா அரிசியில் டி கிடையாது, நம்ம பாலிலும் தயிரிலும் இயற்கையா இருப்பது மிகக் கொஞ்சம். மெலன்பி போட்ட கஞ்சிக்கும் இதுக்கும் பெரிய தூரமில்லை :-)

இரண்டாம் உலகப் போரில் ஈரல் எண்ணெய் இறக்குமதி நின்னதும், அன்றைய சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் தயாரிச்சது. அதில் ஏ அதிகம், டி குறைவு. ரெண்டும் மீனெண்ணெய்தானேன்னு விட முடியாது, பாருங்க.

எலும்போடு கதை முடியலை. நோய் எதிர்ப்பு செல்களிலும் வைட்டமின் டி-க்கான ஏற்பிகள் இருக்கு. கிருமியைக் கொல்லும் ஒரு புரதம் சுரக்க டி உதவுதுன்னு 2006-ல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் மனித செல்களில் காட்டினாங்க. நாள்பட்ட குடல் அழற்சி உள்ள நாய்களின் ரத்தத்தில் டி குறைவா இருப்பதை 2010-களில் எடின்பரோ ஆய்வாளர்கள் கண்டாங்க. டி குறைஞ்சதால அழற்சியா, குடல் கெட்டு சத்து உறிஞ்சாததால டி குறைஞ்சதா? இது கோழியா முட்டையா கேள்விதான். அதனால டி கொடுத்தா எல்லா நோயும் ஓடிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நம்ம மாத்திரையை நாய்க்குப் போடவே கூடாது. இதே டி-தான் சில எலி மருந்துகளின் விஷப் பொருள். அளவு மிஞ்சினா ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் போயிடும். 2019-ல் அமெரிக்காவில் டி அதிகமாகிப் போன டின் நாய் உணவுகளைத் திரும்ப வாங்கினாங்க. சைவ வீடுகளில் வளரும் நாய்னா கால்நடை மருத்துவர்கிட்ட கேட்டு உணவை முடிவு பண்ணுங்க. முட்டைக்கு வீட்டில் அனுமதி உண்டுன்னா, மஞ்சள் கருவோடு வேகவச்சு கொடுக்கலாமான்னும் அவர்கிட்டயே கேட்டுடுங்க.

உங்க வீட்டு நாய் என்ன சாப்பிடுது? பின்னூட்டத்தில் சொல்லுங்க.