முகமூடியும் ஆட்டமும்: ஓர் இசைக் காணொளியின் வரலாற்றுப் பின்புலம்

1830களில் நியூயோர்க் நகர அரங்குகளிலே தோமஸ் றைஸ் என்னும் வெள்ளையின நடிகர் முகத்திற் கரி பூசி, கந்தலாடை அணிந்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, உடலைக் கோணலாக வளைத்து ஆடினார். கறுப்பின அடிமையொருவனைச் சித்திரிப்பதாகக் கூறப்பட்ட அவ்வாட்டம் பெரும் புகழீட்டியது. 'ஜிம் குறோ' என்னும் அப்பாத்திரத்தின் பெயரே, பின்னாளிலே தென் மாநிலங்களிற் கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கும் வழங்கலாயிற்று. கேளிக்கையின் பெயர் ஒடுக்குமுறையின் பெயராகவும் அமைந்தமை வெறுஞ் சொல்வழக்கு எனத் தள்ளத்தக்கதன்று. அச்சட்டங்கள் 1960களின் நடுப்பகுதியில் வீழ்ந்தன. அவற்றுக்குப் பெயர் தந்த பாத்திரமோ அவ்வளவு எளிதில் மறையவில்லை.

பாடலுக்கெனப் படம்பிடிக்கப்படும் இசைக் காணொளி, 1981 ஓகஸ்ற் மாதத்தில் எம்.ரீ.வி. தொலைக்காட்சி தொடங்கிய பின்னரே அமெரிக்காவிற் பெருவணிகமாயிற்று. கறுப்பின மக்களின் இசையிலே வேரூன்றி வளர்ந்த றொக் இசையை நம்பி எழுந்த அந்நிலையம் அம்மக்களின் முகங்களை அரிதாகவே காட்டியது. 1983இல் ஆங்கிலப் பாடகர் டேவிட் போவி, அந்நிலையத்தின் நேர்காணலிலேயே இதற்குக் காரணம் வினவினார். மைக்கல் ஜாக்சனின் காணொளிகள் அவ்வாண்டில் அடைந்த பெருவெற்றியின் பின்னரே கதவு சற்று அகலத் திறந்தது.

திறந்த கதவினூடாக அரசியலும் நுழைந்தது. 1989இல் 'பப்ளிக் எனிமி' குழுவினரின் 'பைட் த பவர்' என்ற பாடலுக்கு ஸ்பைக் லீ நெறிப்படுத்திய காணொளி, புறூக்ளின் வீதியில் நிகழும் ஊர்வலமாகவே அமைந்தது. பதாகைகளும் மல்கம் எக்ஸ் முதலிய தலைவர்களின் உருவங்களும் அங்கே ஐயத்துக்கு இடமின்றிப் பேசின. காண்பவரை ஊர்வலத்தில் வந்து சேருமாறு அழைத்த கலை அது.

2018 மே மாதத்தில் வெளிவந்த 'திஸ் இஸ் அமெரிக்கா' அவ்வாறு அழைப்பதில்லை. சைல்டிஷ் கம்பீனோ என்னும் புனைபெயருடைய டொனால்ட் குளோவர் பாடி நடிக்க, ஹிரோ முராய் நெறிப்படுத்திய இக்காணொளி, பண்டகசாலை போன்றதொரு வெறுங் கட்டடத்தில் நிகழ்கிறது. மேலாடையின்றி, பல்லிளித்தபடி ஆடிவரும் குளோவர், தலை துணியால் மூடப்பட்டு அமர்ந்திருக்கும் ஒருவரைச் சுடுகிறார். சுடும் கணத்தில் அவர் உடல் வளையும் கோணல், பழைய ஜிம் குறோ சித்திரங்களின் கோணலே. துப்பாக்கியைச் சிறுவன் ஒருவன் செந்துணியில் ஏந்திப் பக்குவமாக எடுத்துச் செல்கிறான். பிணம் தரையில் இழுத்து அகற்றப்படுகிறது. ஆட்டம் தொடர்கிறது. சற்றுப் பின்னர் தேவாலயப் பாடகர் குழுவொன்று முழுவதும் சுட்டு வீழ்த்தப்படுகிறது. 2015 யூனில் சார்ள்ஸ்ரன் நகரத் தேவாலயத்தில் வெள்ளையின வெறியன் ஒருவனால் ஒன்பது கறுப்பின மக்கள் கொல்லப்பட்டமையை இக்காட்சி நினைவூட்டாதிருத்தல் அரிது.

வெள்ளைக் குதிரை எதனைக் குறிக்கும், பழைய மோட்டார் வண்டிகள் எதனைக் குறிக்கும் என விடுகதை அவிழ்ப்போர் பலர். அம்முயற்சி சுவையானதே, எனினும் தலையாய குறியீடு ஆட்டமேயாகும். பாடசாலைச் சீருடை அணிந்த சிறுவர் குழுவுடன் குளோவர் ஆடுகையில், தென்னாபிரிக்க 'குவாரா குவாரா' ஆட்ட அசைவுகளும் இடம்பெறுகின்றன. அவர்களுக்குப் பின்னால் மக்கள் சிதறி ஓடுகின்றனர், வண்டி எரிகிறது, மேலே அமர்ந்த இளைஞர் கைத்தொலைபேசிகளால் அனைத்தையும் படம்பிடிக்கின்றனர். காண்பவரின் கண்ணோ ஆட்டத்தையே பற்றி நிற்கிறது. மறுமுறை பார்க்கும்போதுதான் தாம் எதனைக் காணத் தவறினோம் என்பது அவருக்குப் புலனாகிறது. றைஸின் அரங்கிலே கைதட்டியோரின் இருக்கையில் இன்றைய இரசிகரை இவ்வாறு அமர்த்திவிடுவதிலேதான் இப்படைப்பின் வன்மை உளது.

கறுப்பின மக்களின் சாவு மீண்டும் காட்சிப் பொருளாக்கப்பட்டது என்ற கண்டனமும் எழுந்தது. அது எளிதில் மறுக்கத்தக்கதன்று. கோடிக்கணக்கானோர் பார்த்து, 2019இல் நான்கு கிறமி விருதுகளும் பெற்ற இப்படைப்பு, தான் சாடும் கேளிக்கை வணிகத்திலிருந்து விலகி நிற்கவில்லை.

எனினும் இறுதிக் காட்சி அவ்வணிகத்துக்கு இசைந்ததன்று. அங்கே ஆட்டமில்லை; இளிப்புமில்லை. இருளினூடே, கண்கள் பிதுங்க, குளோவர் ஓடிவருகிறார். உருத் தெளியாத கூட்டமொன்று பின்னால் துரத்துகிறது. அவர் தப்பினாரா என்பது காட்டப்படாமலே திரை இருள்கிறது.