இரட்டைப்பதிவு வன்தட்டுகளிலிருந்து தரவு மீட்பு

இரட்டைப்பதிவு வன்தட்டுகளிலிருந்து தரவு மீட்பு என்பது, ஒரே தரவை ஒரே நேரத்தில் இரு வன்தட்டுகளில் எழுதும் கணினியொன்றில் வன்பொருள் பழுது ஏற்பட்டபின், எஞ்சியுள்ள தட்டுகளிலிருந்து அத்தரவைக் கெடாமல் வெளியே எடுக்கும் செயற்பாடு ஆகும். இவ்வகை அமைப்பு மிரரிங் எனவும் ரெய்டு 1 எனவும் அழைக்கப்படுகின்றது. ஒவ்வொரு தட்டிலும் முழுத் தரவும் இருப்பதால், பிற ரெய்டு வகைகளைவிட இதில் மீட்பு எளிதானது. எனினும், எந்தத் தட்டில் அண்மைய தரவு உள்ளது என்பதை அறியாமல் செய்யப்படும் மறுகட்டமைப்பு, பழுது விட்டுவைத்த தரவையும் அழித்துவிடக்கூடும்.

வரலாறு

தட்டுகளை இரட்டையாக வைத்து எழுதும் முறை, 1970களில் டான்டெம் நிறுவனம் உருவாக்கிய பழுதுதாங்கு கணினிகளில் பயன்பட்டது. 1988 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (பெர்க்லி) டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்சு ஆகியோர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையே ரெய்டு என்னும் பெயரைப் பரப்பியது. அக்கட்டுரை வகுத்த ஐந்து நிலைகளுள் முதல் நிலை இரட்டைப்பதிவு ஆகும்.

செயற்படும் முறை

இயங்குதளம் ஒரு கோப்பை எழுதும்போது, கட்டுப்படுத்தி அட்டையோ ரெய்டு மென்பொருளோ அதனை இரு தட்டுகளிலும் எழுதுகின்றது. ஒரு தட்டு செயலிழந்தால் மற்றது தனியே பணியைத் தொடரும். இந்நிலை குறைநிலை எனப்படும். புதிய தட்டு பொருத்தப்பட்டதும் நல்ல தட்டின் உள்ளடக்கம் முழுவதும் அதற்குப் படியெடுக்கப்படும். இது மறுகட்டமைப்பு எனப்படும்.

தரவைத் தவிர, ஒவ்வொரு தட்டிலும் ரெய்டு அமைப்பைப் பற்றிய சிறு குறிப்பொன்றும் எழுதப்படுகின்றது. லினக்சின் எம்டி மென்பொருளில் இக்குறிப்பு தட்டின் அடையாளம், கடைசியாக மாற்றப்பட்ட நேரம், நிகழ்வு எண் ஆகியவற்றைக் கொண்டிருக்கும். அமைப்பின் நிலை மாறும்போதெல்லாம் நிகழ்வு எண் கூடும். அமைப்பிலிருந்து விலகிய தட்டின் எண் அந்த இடத்திலேயே நின்றுவிடும். எனவே கூடிய எண் கொண்ட தட்டே அண்மையது.

குறிப்பு எழுதப்படும் இடமும் மீட்பில் முதன்மையானது. எம்டியின் 0.90, 1.0 வடிவங்களில் அது இறுதியில் இருப்பதால், தரவுப்பகுதியைச் சாதாரணத் தட்டினைப் போலவே நேரடியாகப் படிக்கலாம். 1.2 வடிவத்தில் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட்டு தள்ளிக் குறிப்பு எழுதப்பட்டு, தரவு அதற்கும் அப்பால் தொடங்குகின்றது. இவ்வேறுபாட்டை அறியாதவருக்கு நல்ல தட்டும் வெற்றுத் தட்டாகத் தோன்றும்.

பழுதின் வகைகள்

* கட்டுப்படுத்தி அட்டை, தாய்ப்பலகை அல்லது மின்வழங்கியின் பழுது: இரு தட்டுகளும் பெரும்பாலும் நலமாகவே இருக்கும்.
* ஒரு தட்டின் பழுது: மற்ற தட்டிலிருந்து தரவைப் படிக்கலாம்.
* இரு தட்டுகளிலும் பகுதிப் பழுது: ஒவ்வொன்றிலும் சில செக்டர்கள் படிக்க இயலாதவையாக இருக்கும்.
* காலந்தாழ்ந்து அறியப்படும் பழுது: ஒரு தட்டு எப்போதோ விலகியிருக்க, எவரும் கவனிக்காத நிலையில் மற்றதும் செயலிழக்கும்.

இவற்றுள் நான்காவது வகையே மிகவும் ஏமாற்றக்கூடியது. எடுத்துக்காட்டாக, உப்பளமொன்றின் விற்பனைக் கணக்குகளைத் தாங்கிய கணினியில் இரண்டாம் தட்டு மார்ச்சு மாதத்தில் விலகியது எனக் கொள்வோம். முதல் தட்டு தனியே இயங்கி மே மாதத்தில் பழுதடைகின்றது. அப்போது பழுதுபார்ப்பவர் இணைப்பைச் சரிசெய்து இரண்டாம் தட்டை இயக்கினால், கணினி தொடங்கும், கோப்புகளும் தெரியும். ஆனால் அவை மார்ச்சு மாதக் கோப்புகள். அத்தட்டை மூலமாகக் கொண்டு, தற்காலிகமாக உயிர்பெற்ற முதல் தட்டின்மீது மறுகட்டமைப்பு செய்தால், இடைப்பட்ட இரண்டு மாதக் கணக்கும் அழிந்துவிடும்.

மீட்கும் முறை

1. கணினி உடனே நிறுத்தப்பட வேண்டும். எந்தத் தட்டு எந்த இணைப்பில் இருந்தது என்பதைத் தட்டின்மேல் எழுதி ஒட்டுதல் நன்று.
2. புதிய அட்டை பொருத்தப்படும்போது, அமைப்பைப் புதிதாக உருவாக்கவோ தொடக்கநிலைப்படுத்தவோ ஒப்புதல் தரக்கூடாது. சில அட்டைகள் அச்செயலின்போது தட்டுகளின் தொடக்கப்பகுதியை அழிக்கின்றன.
3. தட்டுகளை வேறொரு கணினியில், எழுதவியலாத நிலையில் இணைத்து, ஒவ்வொன்றையும் முழுமையாகப் படியெடுக்க வேண்டும். குனூ டிடிரெசுக்யூ என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்கு ஏற்றது. அது நல்ல பகுதிகளை முதலில் படித்து, பழுதான பகுதிகளைப் பின்னர் முயன்று, படித்தவற்றையும் படிக்காதவற்றையும் ஒரு வரைபடக் கோப்பில் பதிகின்றது.
4. குறிப்புகளிலுள்ள நிகழ்வு எண்களையும் நேரங்களையும் ஒப்பிட்டு அண்மைய தட்டைக் கண்டறிய வேண்டும்.
5. இரு தட்டுகளும் ஒரே நிலையில் இருந்தவை என உறுதியானால், முதல் தட்டில் படிக்க முடியாத செக்டர்களை, அதே வரைபடக் கோப்பைக் கொண்டு இரண்டாம் தட்டிலிருந்து நிரப்பலாம். இரண்டிலும் தரவு தொடங்கும் இடம் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஒரே இடம் இரு தட்டுகளிலும் பழுதாவது அரிது என்பதால், தனித்தனியே பயனற்ற இரு தட்டுகளிலிருந்து ஒரு முழுப் படியைப் பெற முடிகின்றது.
6. கோப்பு முறைமையைத் திருத்தும் மென்பொருட்களைப் படியின்மீது மட்டுமே இயக்க வேண்டும், மூலத்தட்டின்மீது இயக்கக்கூடாது.

மறுகட்டமைப்புக்கு முன் படியெடுப்பதற்குக் காரணம் உண்டு. வீட்டுப் பயன்பாட்டுத் தட்டுகள் பலவற்றுக்கு, ஏறத்தாழ 12.5 டெராபைட்டு படிக்கையில் திருத்தவியலாத ஒரு படிப்புப் பிழை நேரலாம் என உற்பத்தியாளர்கள் வரம்பு குறிப்பிடுகின்றனர். மறுகட்டமைப்பு, மீந்திருக்கும் ஒரே தட்டை முழுவதும் படிக்க வைக்கின்றது. நலிந்த தட்டு அந்தச் சுமையிலேயே செயலிழக்கலாம்.

தட்டின் உறையைத் திறத்தல் தூய அறை வசதியுள்ள ஆய்வகங்களுக்கு மட்டுமே உரியது. படிக்கும் முனை தட்டின் பரப்பிலிருந்து சில நானோமீட்டர் உயரத்திலேயே மிதப்பதால், ஒரு தூசியும் பரப்பைச் சிதைக்கும்.

கடற்கரைச் சூழலும் கூட்டுப் பழுதும்

இரட்டைப்பதிவு, இரு தட்டுகளும் தனித்தனியே பழுதடையும் என்னும் எடுகோளின்மேல் அமைந்தது. ஏறத்தாழ 1,00,000 தட்டுகளின் பதிவுகளைக் கொண்டு பியாங்கா சுரோடரும் கார்த் கிப்சனும் 2007 இல் வெளியிட்ட ஆய்வு, தட்டுப் பழுதுகள் ஒன்றோடொன்று தொடர்புடையனவாக நிகழ்வதைக் காட்டியது. ஒரே பெட்டியிலுள்ள தட்டுகள் ஒரே மின்சாரத்தையும் ஒரே வெப்பத்தையும் ஒரே காற்றையும் பகிர்கின்றன.

விழுப்புரம் மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டி அமைந்த மரக்காணம், அனுமந்தை போன்ற ஊர்களில் இக்காற்றே ஒரு காரணியாகின்றது. கடலையும் உப்பளங்களையும் ஒட்டிய இப்பகுதியில் காற்றோடு நுண்ணிய உப்புத்துகள்கள் கலந்திருக்கும். சோடியம் குளோரைடு, ஒப்பீரப்பதம் சுமார் 75 விழுக்காட்டை எட்டும்போது காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கரைசலாகின்றது. கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு சுமார் 33 விழுக்காட்டிலேயே அவ்வாறாகின்றது. இக்கரைசல் மின்சாரத்தைக் கடத்துவதோடு, செம்பையும் வெள்ளியையும் அரிக்கின்றது.

இவ்வரிப்பு முதலில் தாக்குவது மின்சுற்றுப் பலகையையும் இணைப்பு முனைகளையுமே, காந்தப்பரப்பை அன்று. மைக்ரோசாப்ட்டின் ஒன்பது தரவு மையங்களை ஆராய்ந்து 2016 இல் வெளியான ஆய்வும், தட்டுப் பழுதுகளில் ஈரப்பதத்தின் பங்கு மேலோங்கியிருப்பதையும், அது கட்டுப்படுத்தி, இணைப்புப் பகுதிகளின் வழியே வெளிப்படுவதையும் கண்டது. ஆகையால் கடற்கரையில் இறந்ததாகக் கருதப்படும் தட்டில் தரவு நலமாகவே இருக்கலாம். ஆயினும் பல புதிய தட்டுகளில் பலகையை மட்டும் மாற்றினால் போதாது. அத்தட்டுக்கே உரிய அளவீடுகளைத் தாங்கிய நினைவகச் சில்லையும் பழைய பலகையிலிருந்து மாற்ற வேண்டும்.

2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணம் அருகே கரையைக் கடந்தது. இத்தகைய காலங்களில் மின்தடையும் வெள்ளமும் இரு தட்டுகளையும் ஒருங்கே தாக்கக்கூடும். நீரில் மூழ்கிய தட்டை வெயிலில் உலர்த்துவதோ இயக்கிப் பார்ப்பதோ கூடாது. உலர்ந்தால் உப்பும் சேறும் பரப்பில் படிந்துவிடும். காற்றுப்புகாத பையில் ஈரத்துடனேயே இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவது வழக்கம்.

காப்பு நகலுடன் வேறுபாடு

இரட்டைப்பதிவு, காப்பு நகலுக்கு மாற்று அன்று. தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு இரு தட்டுகளிலும் அக்கணமே அழிகின்றது. ஜர்னல்ஸ்பேஸ் என்னும் அமெரிக்க வலைப்பதிவுச் சேவை, இரட்டைப்பதிவுத் தட்டுகளையே தன் காப்பாகக் கொண்டிருந்தது. 2008 திசம்பரில் அதன் தரவுத்தளம் மேலெழுதி அழிக்கப்பட்டபோது, அவ்வழிப்பு இரண்டாம் தட்டிலும் பதிவாயிற்று. தரவு மீட்பு நிறுவனத்தாலும் எதனையும் மீட்க இயலாததால் அச்சேவை மூடப்பட்டது. தட்டுகளில் எந்த வன்பொருள் பழுதும் இருக்கவில்லை.

இரட்டைப்பதிவு தருவது பணித்தொடர்ச்சியே. கடந்த நாளின் தரவுக்குத் திரும்பும் வசதியை அது தருவதில்லை. அதற்குக் குறித்த கால இடைவெளியில் எடுக்கப்பட்டு, வேறோர் ஊரிலோ வேறொரு கட்டடத்திலோ வைக்கப்படும் காப்பு நகல் தேவை. குறைநிலையை உடனே அறிவிக்கும் எச்சரிக்கை வசதியும், காப்பு நகலிலிருந்து கோப்புகளை அவ்வப்போது மீட்டுப் பார்த்தலும் இதனோடு சேர்த்துப் பரிந்துரைக்கப்படுகின்றன.