நான்கு அடுக்குகள், ஒரே விசாரணை: அறிவியல் புனைகதை, கடற்கொள்ளை, புதிய சமயம், குற்ற வரலாறு – ஓர் ஒப்பாய்வு

1. முன்னுரை

அறிவியல் புனைகதை, கடற்கொள்ளையர் வரலாறு, புதிய சமயங்கள், குற்ற வரலாறு ஆகிய நான்கும் நூலகத்தில் நான்கு வெவ்வேறு அடுக்குகளில் இருக்கின்றன. முதலாவதை இலக்கியம் என்கிறோம். இரண்டாவது வரலாறு, மூன்றாவது சமயவியல். நான்காவதற்கு ஆய்வுலகம் நெடுங்காலம் இடமே தரவில்லை. வாசகர்களும் இந்த அடுக்குகளைப் போலவே பிரிந்து நிற்கிறார்கள்.

இந்த நான்கு துறைகளும் ஒரே பொருளை ஆராய்கின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். நாட்டுச் சட்டத்தை விட்டு விலகி, தமக்கெனத் தனிச் சட்டம் வகுத்துக்கொண்ட சிறு கூட்டங்களே அந்தப் பொருள். அத்தகைய கூட்டத்தைப் புனைகதை கற்பனை செய்கிறது. கொள்ளையர் கப்பல் அதற்கு ஒப்பந்தம் எழுதுகிறது. புதிய சமயம் அதற்கு நம்பிக்கை ஊட்டுகிறது. குற்ற வரலாறு அதனால் மாண்டவர்களைக் கணக்கெடுக்கிறது. ஓர் அடுக்கை மட்டும் படிப்பவர் இந்த நான்கில் மூன்றைத் தவறவிடுகிறார். சான்றுகளைக் கொண்டு இதை நிறுவுவதும், சேர்த்துப் படிப்பதற்கு ஒரு முறையை முன்வைப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

2. கடற்கொள்ளையர் வரலாறு: ஒப்பந்தமும் அதன் வெளியே நின்றவர்களும்

2.1 மூலநூலின் நம்பகம்

கடற்கொள்ளையரைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி ஒரே நூலிலிருந்து வந்தது. கேப்டன் சார்லஸ் ஜான்சன் என்ற பெயரில் 1724-இல் லண்டனில் வெளியான கடற்கொள்ளையர் பொது வரலாறுதான் அது. அந்தப் பெயருக்குரியவர் யார் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. அதை எழுதியவர் டேனியல் டீஃபோ என்று 1932-இல் ஜான் ராபர்ட் மூர் வாதிட்டார். 1988-இல் ஃபர்பாங்க், ஓவென்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த வாதத்தை மறுத்தனர்.

1728-இல் வந்த இரண்டாம் தொகுதியில் கேப்டன் மிஸ்ஸன் என்பவரின் கதை இருக்கிறது. துறவைக் கைவிட்ட இத்தாலியப் பாதிரியார் ஒருவரின் போதனையால் மிஸ்ஸன் புதிய இறைக்கொள்கையைத் தழுவுகிறார், அடிமைகளை விடுவிக்கிறார், மடகாஸ்கரில் லிபர்டாலியா என்ற பொதுவுடைமைக் குடியேற்றத்தை நிறுவுகிறார். மிஸ்ஸன் வாழ்ந்ததற்கு வேறெந்த ஆவணமும் இல்லை. வரலாறு என்று அச்சான அந்த அத்தியாயம் உண்மையில் ஒரு புனைவு. கற்பனைச் சமூகம், புதிய சமயம், கொள்ளைக் கப்பல் மூன்றும் அதற்குள்ளேயே சேர்ந்திருக்கின்றன. நாம் இன்று பிரித்து வைத்திருக்கும் துறைகள் தொடக்கத்திலேயே பின்னிக் கிடந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2.2 கப்பலின் சட்டம்

பார்த்தலோமியு ராபர்ட்ஸின் கப்பல் ஒப்பந்தத்தை ஜான்சன் விரிவாகத் தருகிறார். முக்கிய முடிவுகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு உண்டு. தலைவருக்கு இரண்டு பங்கு. இரவு எட்டு மணிக்கு விளக்கணைக்க வேண்டும். பணம் வைத்துச் சூதாடக் கூடாது. கை கால் இழந்தவருக்கு இழப்பீடு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் வணிகக் கப்பல்களில் மாலுமிகள் சவுக்கடி வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் இவை வியப்பூட்டும் விதிகள். மார்க்கஸ் ரெடிக்கர் போன்ற வரலாற்றாசிரியர்கள் இதில் உழைப்பாளர் சமத்துவத்தைக் கண்டார்கள். பீட்டர் லீசன் 2009-இல் இதைப் பொருளியல் கணக்காக விளக்கினார்.

ஆனால் கையெழுத்திட்ட மூல ஒப்பந்தத்தைக் கொள்ளையர்கள் கடலில் எறிந்துவிட்டார்கள் என்று ஜான்சனே சொல்கிறார். நம்மிடம் இருப்பது பிறர் நினைவிலிருந்து மீட்ட வாசகம். மேலும், 1722-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் வைதா துறைமுகத்தில் ராபர்ட்ஸின் ஆட்கள் ஓர் அடிமைக் கப்பலுக்குத் தீ வைத்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த சுமார் 80 ஆப்பிரிக்கர்கள் உள்ளே இருந்ததாக அதே நூல் கூறுகிறது. எரிவதா, சுறாக்கள் திரியும் கடலில் குதிப்பதா என்பது மட்டுமே அவர்களுக்கு விடப்பட்ட தெரிவு. அந்த ஒப்பந்தம் வாக்களித்த சமத்துவம் கையெழுத்திட்டவர்களோடு முடிந்துவிட்டது.

2.3 சூரத்தில் ஒரு கதை, லண்டனில் வேறொரு கதை

1695-இல் ஹென்றி எவரி என்ற ஆங்கிலேயக் கொள்ளையன் ஔரங்கசீப்பின் கஞ்ச்-இ-சவாய் கப்பலைப் பிடித்தான். மெக்காவிலிருந்து சூரத்துக்குத் திரும்பிய யாத்திரிகர்கள் அதில் இருந்தார்கள். பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானதையும், மானம் காக்கச் சிலர் உயிரைவிட்டதையும் பாரசீக மொழி வரலாற்றாசிரியர் காஃபி கான் பதிவு செய்தார். சூரத்திலிருந்த ஆங்கிலேய வணிகர்கள் சிறைவைக்கப்பட்டார்கள்.

லண்டனில் 1709-இல் வந்த ஒரு சிறுநூல் எவரியை மடகாஸ்கரின் மன்னனாக்கி, மொகலாய இளவரசியை அவனுக்கு மணமுடித்து வைத்தது. சில ஆண்டுகளில் அது நாடகமாக மேடையேறியது. கப்பலில் நடந்த கொடுமை அங்கே காதலாக மாறிவிட்டது. பாரசீக நூலையும் குற்ற விசாரணைப் பதிவையும் அருகில் வைத்துப் படிக்காதவருக்கு இந்த மாற்றம் கண்ணில் படாது.

3. புனைகதையும் புதிய சமயமும்

3.1 ஒரே இதழில் இரண்டு விதைகள்

ஜான் கேம்பல் ஆசிரியராக இருந்த அஸ்டவுண்டிங் என்ற அமெரிக்க இதழில் 1942 மே மாதம் ஐசக் அசிமோவின் ஃபவுண்டேஷன் வரிசை தொடங்கியது. பேரரசு வீழப்போவதைக் கணிதத்தால் முன்னறிந்த ஒரு மேதை, அறிவைக் காக்கச் சிறு குழுவைத் தொலைவில் குடியேற்றுகிறார். அந்தக் குழு அறிவியலையே ஒரு சமயமாக்கி, பூசாரிகள் வழியாக அண்டை அரசுகளை ஆள்வதும் கதையின் ஒரு கட்டம்.

அதே இதழ், அதே ஆசிரியரின் கீழ், 1950 மே மாதம் டயனெட்டிக்ஸ் என்ற மனநல முறை பற்றிய எல். ரான் ஹப்பார்டின் கட்டுரையை வெளியிட்டது. ஹப்பார்ட் அதற்கு முன் அதே இதழில் புனைகதை எழுதியவர். அந்த மனநல முறையின் வழியில் வந்த சயன்டாலஜி, 1953 டிசம்பரில் நியூ ஜெர்சியில் திருச்சபையாகப் பதிவானது. சமயமாகும் அறிவியலைப் பற்றிய கதையும், அறிவியல் என்று தன்னை அறிமுகப்படுத்திப் பின்பு சமயமான இயக்கமும் எட்டாண்டு இடைவெளியில் ஒரே இதழில் முளைத்தன.

3.2 வாசகர்கள் உருவாக்கிய சமயங்கள்

ராபர்ட் ஹைன்லைனின் 'அந்நிய உலகில் அந்நியன்' நாவல் 1961-இல் வந்தது. அதில் வரும் நீர் பகிரும் சடங்கை மிசூரி மாநிலத்துக் கல்லூரி மாணவர் இருவர் 1962-இல் தாங்களே செய்துகொண்டார்கள். அனைத்துலகத் திருச்சபை என்ற இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. கதையிலிருந்து பிறந்தது என்பதை அந்த இயக்கம் ஒருபோதும் மறைத்ததில்லை. இங்கிலாந்து, வேல்ஸில் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 3,90,127 பேர் தங்கள் சமயம், அறிவியல் புனைகதைத் திரைப்படங்களில் வரும் ஜெடாய் என்று எழுதினார்கள். பலருக்கு அது வேடிக்கை; சிலர் அதைக் கடைப்பிடிக்கவும் செய்தார்கள்.

எனவே கற்பனையில் பிறந்த சமயம் என்பதாலேயே ஒன்று ஆபத்தானதாகிவிடாது. அதில் சேர்வோர் மூளைச்சலவைக்கு ஆளானவர்கள் என்ற பொதுக்கருத்தும் ஆய்வில் நிற்கவில்லை. ஒருங்கிணைப்புத் திருச்சபை என்ற புதிய சமய இயக்கத்தை ஆராய்ந்து 1984-இல் நூல் எழுதிய ஐலீன் பார்க்கர், அதன் பயிலரங்குகளுக்கு வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் சேராமலே போனதைக் காட்டினார். ஓர் இயக்கத்தின் தோற்றக்கதை அதன் குணத்தைச் சொல்லாது. உள்ளே இருப்பவர் விரும்பியபோது வெளியேற முடிகிறதா, அவர் சொல்வதை வெளியுலகம் கேட்கிறதா என்பவைதான் அதைச் சொல்லும்.

4. குற்ற வரலாறு: யாருடைய வாக்குமூலம்?

4.1 தூக்குமேடையில் பிறந்த எழுத்து

லண்டன் நியூகேட் சிறையின் பாதிரியார்கள், தூக்கிலிடப்பட்டோரின் வாழ்க்கையையும் வாக்குமூலத்தையும் அச்சிட்டு விற்றார்கள். கேப்டன் வில்லியம் கிட் 1701 மே 23 அன்று தேம்ஸ் கரையில் தூக்கிலிடப்பட்டபோது உடனிருந்தவர் பால் லோரைன் என்ற பாதிரியார். கயிறு ஒருமுறை அறுந்தது. கிட் மீண்டும் ஏற்றப்பட்டார். அந்த இடைவெளியில் அவர் மனம் திரும்பியதாக லோரைன் எழுதினார். பாவம், மனமாற்றம், மரணம் என்ற சமய வடிவத்துக்குள் ஒரு கொள்ளையனின் வாழ்வு அடைக்கப்பட்டது.

கிட் தன் விசாரணையில் கேட்ட பிரெஞ்சுக் கப்பல் அனுமதிச் சீட்டுகள் அவருக்குத் தரப்படவில்லை. கேரளக் கரைக்கு அப்பால் 1698-இல் அவர் பிடித்த குவெடா மெர்ச்சன்ட் கப்பலின் சீட்டும் அவற்றில் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை லண்டன் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன. தன் கப்பல் பீரங்கியாளரைக் கொன்ற குற்றமும் அவர்மேல் இருந்ததால், சீட்டுகள் அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தீர்ப்பு எழுதப்பட்ட நாளில் ஆவணம் முழுமையாக இல்லை என்பது உறுதி.

இந்தச் சிக்கல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது எழுந்த வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு முன்கூட்டித் தடுக்க முடியாது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடலாம். அதற்கு அப்பால் ஒருவரின் தனிவாழ்வை எழுத அவர் ஒப்புதல் வேண்டும் என்று எல்லை வகுத்தது.

4.2 ஜோன்ஸ்டவுன்

1978 நவம்பர் 18 அன்று கயானா நாட்டில், ஜோன்ஸ்டவுன் குடியேற்றத்தை நடத்திவந்த மக்கள் ஆலயம் என்ற இயக்கத்தின் கையால் 918 பேர் மாண்டார்கள். அவர்களில் 300-க்கும் மேற்பட்டோர் சிறுவர். அங்கே கூட்டுத் தற்கொலைக்கு ஒத்திகை நடக்கிறது என்று, தப்பி வந்த ஒரு பெண் அதே ஆண்டு ஜூன் மாதம் உறுதிமொழிப் பத்திரம் அளித்திருந்தார். அதற்கு உரிய செவி கிடைக்கவில்லை. அங்கே அருந்தவைத்த விஷப் பானமே பிற்காலத்தில் ஆங்கிலத்தில் கேலிச் சொல்லாகிவிட்டது. ஊசியாலும் குவளையாலும் விஷம் புகட்டப்பட்ட குழந்தைகள் எதையும் நம்பி அருந்தியவர்கள் அல்லர், அவர்கள் கொல்லப்பட்டவர்கள்.

5. நான்கும் சந்தித்த இடம்: ஓம் சின்ரிக்கியோ

1984-இல் டோக்கியோவில் ஒரு யோகப் பயிற்சிக் குழுவாகத் தொடங்கிய ஓம் சின்ரிக்கியோ, 1989-இல் சமய நிறுவனமாகப் பதிவு பெற்றது. அறிவியல் பட்டதாரிகள் பலர் அதில் சேர்ந்தார்கள். அவர்கள் அமைத்த காற்று வடிகட்டிக்கு, விண்கப்பல் யமாட்டோ என்ற அசைவூட்டத் தொடரில் வரும் கருவியின் பெயரையே சூட்டினார்கள். அதன் தலைமை அறிவியலாளர் ஃபவுண்டேஷன் கதையைத் தங்கள் இயக்கத்துக்கு முன்மாதிரியாகக் கொண்டார் என்று 1996-இல் இதைப் பற்றி நூல் எழுதிய பத்திரிகையாளர்கள் கூறுகிறார்கள். 1994-இல் அவர்கள் அமைச்சகங்கள் வகுத்துத் தனி அரசு போலவே இயங்கினார்கள். 1995 மார்ச் 20 காலையில் டோக்கியோவின் ஐந்து சுரங்க ரயில்களில் அவர்கள் சாரின் நச்சுவாயுவை விட்டார்கள். ஆண்டுகள் கழித்து இறந்தவரையும் சேர்த்து 14 பேர் மாண்டார்கள், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள்.

ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியே தோற்றதை இந்நிகழ்வில் காணலாம். உலகம் அழியும்போது அறிவைக் காக்கும் குழுவின் கதையை, அழிவைத் தொடங்கிவைக்கும் உரிமையாக அவர்கள் படித்தார்கள். குற்றச் செய்தியை மட்டும் துரத்தியவர்களும் தவறினார்கள். 1994 ஜூன் மாதம் மத்சுமோட்டோ நகரில் இதே நச்சுவாயு தாக்கியபோது, காவல்துறையும் ஊடகங்களும் ஒரு நிரபராதியைச் சந்தேகித்தன. தாக்குதலில் அவருடைய மனைவியே நினைவிழந்து கிடந்தார், 2008-இல் இறந்தார். சமயச் சுதந்திரத்தை மட்டும் பார்த்தவர்களும் தவறினார்கள். 1995 மே மாதம் ஓம் இயக்கத்தின் செலவில் டோக்கியோ வந்த அமெரிக்கச் சமய ஆய்வாளர் சிலர், அந்த இயக்கத்தால் சாரின் செய்திருக்க இயலாது என்று அறிவித்தார்கள். சில மாத விசாரணையே அதைப் பொய்யாக்கியது.

வேறு வழியில் சென்றவர் நாவலாசிரியர் ஹருகி முரகாமி. தாக்கப்பட்ட சுமார் 60 பேரைச் சந்தித்து, அன்று காலை அவர்கள் எந்த ரயிலில் எங்கே சென்றுகொண்டிருந்தார்கள் என்பதிலிருந்து கேட்டு 1997-இல் நூலாக்கினார். இயக்கத்தவரின் பேட்டிகளை அதற்குப் பிறகே தொகுத்தார். இந்த வரிசைமுறையே அவருடைய ஆய்வுமுறை.

6. சேர்த்துப் படிக்கும் முறை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று விதிகளை வகுக்கலாம்.

முதலாவது, ஆவணத்தின் பிறப்பை விசாரித்தல். எழுதியவர் யார், அதை விற்றவர் யார், மூலப் படி எங்கே என்று கேட்க வேண்டும். ஜான்சனையும் லோரைனையும் கேட்கும் அதே கேள்வியை இன்றைய குற்றத் தொடர்களையும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, சட்டத்தின் எல்லையைப் பார்த்தல். ஒரு கூட்டம் தன் உறுப்பினருக்கு என்ன உறுதி தருகிறது என்பதோடு நிற்காமல், உறுப்பினர் அல்லாதவரை என்ன செய்கிறது, விலக விரும்புபவரை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ராபர்ட்ஸின் ஒப்பந்தமும் ஜோன்ஸ்டவுனும் இந்தக் கேள்வியில்தான் தம் உண்மை முகத்தைக் காட்டுகின்றன.

மூன்றாவது, பாதிக்கப்பட்டவரிடமிருந்து தொடங்குதல். தலைவனின் வசீகரத்தில் தொடங்கும் நூல், அறியாமலே அவனுடைய பிரசாரத்தைத் தொடர்கிறது.

7. முடிவுரை

நான்கு துறைகளில் ஒன்றும் தாழ்ந்தது அன்று. அறிவியல் புனைகதை இல்லையேல் மனிதர் எதற்காக விலகிச் செல்கிறார்கள் என்பது விளங்காது. கடற்கொள்ளை வரலாறு இல்லையேல் விலகியவர்கள் எப்படி ஒழுங்கு செய்துகொள்கிறார்கள் என்று அறிய மாட்டோம். சமயவியல் அவர்களை மனிதராகப் பார்க்கக் கற்பிக்கிறது. குற்ற வரலாறு அதற்குக் கொடுக்கப்பட்ட விலையைச் சொல்கிறது. ஒன்றை எடுக்கும் வாசகர் அடுத்த அடுக்கிலிருந்தும் ஒன்றை எடுத்து, இரண்டையும் எதிரெதிரே வைத்துப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். எவரியின் பெயர் முந்நூறு ஆண்டுகளாக அச்சில் வாழ்கிறது. கஞ்ச்-இ-சவாய் கப்பலில் இருந்த பெண்களில் ஒருவர் பெயர்கூட ஜான்சனின் நூலில் இல்லை.