தளைநார் முதல் இடுப்புப் பட்டை வரை: மரமேறிகளைத் தாங்கிய கயிற்றின் கதை

பனையைப் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். நுங்கு, பதநீர், கருப்பட்டி, ஓலை என்று பனை தந்ததையெல்லாம் பட்டியல் போட்டாகிவிட்டது. அந்தப் பனையில் ஏறியவனைத் தாங்கிப் பிடித்தது எது என்று கேட்டால்தான் பதில் சொல்ல ஆள் குறைவு. மும்பையில் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கயிறும் பெல்ட்டும் கொக்கியும் விற்கிற வியாபாரி நான். கடை ஓய்ந்த நேரத்தில் பழைய நூல்களைப் புரட்டும் பழக்கமும் உண்டு. கடையில் கண்டதையும் நூலில் கண்டதையும் சேர்த்து இங்கே வைக்கிறேன்.

எங்கள் சமண மரபில் கள்ளும் தேனும் விலக்கு. அப்படியானால் மரமேறிக்கும் எங்களுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். திருத்தக்கதேவர் செய்த சீவக சிந்தாமணியை உ.வே.சாமிநாதையர் 1887இல் அச்சேற்றினார். அதுவரை அந்த நூல் பிழைத்திருந்தது பனையோலை ஏட்டில்தான். அந்த ஓலையை வெட்டிப் போட யாரோ ஒருவர் உச்சிக்குப் போயிருக்கிறார். ஆக, அவருக்கு நாங்களும் கடன்பட்டவர்கள்.

பழைய நூல்களில்

சங்க காலத்தில் மலைத்தேன் எடுப்பவர்கள் ஏறிய மூங்கில் ஏணிக்கு மால்பு என்று பெயர். குறுந்தொகை 273ஆம் பாட்டில், பழைய மால்பு என்று தெரியாமல் அதில் ஏறிவிட்ட ஒருவன் உவமையாக வருகிறான். ஏறும் முன் கருவியைச் சோதிக்க வேண்டும் என்கிற பாடம் நமக்கு அவ்வளவு பழசு.

தொல்காப்பியர் மரபியலில் இன்னொன்று சொல்கிறார். வெளிப்புறம் வைரம் பாய்ந்தவை புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்தவை மரம் என்றும் பிரிக்கிறார். அந்தக் கணக்குப்படி பனையும் தென்னையும் புல். இன்றைய தாவரவியலும் இவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்கிறது. மரமேறிக்கு இதில் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று, இவற்றில் பட்ட வெட்டு மாமரத்தில் போல மூடி ஆறாது. இரண்டு, பனைக்கும் தென்னைக்கும் கிளை கிடையாது. மேல்நாட்டில் மரம் வெட்டுகிறவர்கள் உயரமான கிளையில் கயிற்றைப் போட்டு அதில் தொங்கி வேலை செய்வார்கள். நம்ம ஊர்ப் பனையில் கயிற்றை எதில் போடுவது? மரத்தையே சுற்றித்தான் கட்ட வேண்டும்.

தளையும் மோக்கும்

திருநெல்வேலிச் சீமையில் ஏறுகிறவர் இரண்டு பாதத்தையும் சேர்த்துத் தளைநார் மாட்டிக்கொள்வார். மரத்தில் சாய்த்து வைத்த முருக்குத்தடியில் கால் வைத்துத் தொடங்கி, கையால் மரத்தை அணைத்து, காலை இழுத்து இழுத்து மேலே போவார். தளை ஏறுவதற்கு உதவும். ஆனால் கை நழுவினால் அது பிடிக்காது. உச்சியில் பாளை சீவும்போது ஒரு கை பாளையிலும் ஒரு கை அரிவாளிலும் இருக்கும். அப்போது அவரை மரத்தோடு சேர்க்கும் கட்டு ஒன்றுமில்லை. இதைப் பருவகாலத்தில் தினமும், மரத்துக்கு இரண்டு தடவையாவது செய்ய வேண்டும்.

தெலங்கானாவில் வழக்கம் வேறு. அங்கே மோக்கு என்ற கயிற்றை இடுப்போடு மரத்தையும் சேர்த்துச் சுற்றி, பின்னால் சாய்ந்து நிற்பார்கள். கை இரண்டும் வேலைக்குக் கிடைக்கும். ஆனால் பாதம் வழுக்கினால் உடம்பின் பாரம் முழுக்க இடுப்பில் விழும்.

இந்த மும்பையும் ஒரு காலத்தில் தோப்புகளின் தீவுதான். மாஹிம் பக்கம் தென்னந்தோப்புகள் இருந்தன. கள்ளிறக்கும் தொழிலில் பண்டாரி சமூகத்தார் இருந்தார்கள். கொங்கணத்தில் தென்னையில் படிபோல வெட்டு வைத்து ஏறுவது வழக்கம். ஏறுகிறவருக்கு அது வசதி. மரத்துக்கு ஆறாத காயம். 1878இல் பம்பாய் ஆப்காரிச் சட்டம் வந்தது. சர்க்கார் மரத்தை எண்ணி வரி போட்டது. ஏறுகிறவன் உயிர் அந்தக் கணக்கில் வரவில்லை.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. தொழில் சுருங்கியது, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். தகப்பன் மகனுக்குக் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்த பாடமும் குறைந்தது. கேரளத்தில் தேங்காய் பறிக்க ஆள் கிடைக்காமல் போனபோது, கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் என்ற அப்பச்சன், காலால் மிதித்து ஏறும் கருவியை உண்டாக்கினார். தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் ‘தென்னையின் நண்பர்கள்’ என்று இளைஞர்களுக்குப் பயிற்சி தொடங்கியது. தெலங்கானா அரசு 2024 ஜூலையில் கள்ளிறக்கும் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புச் சாதனங்கள் கொடுக்க ஆரம்பித்தது. நல்ல காரியங்கள்தான். ஆனால் சாதனம் கையில் வந்துவிட்டால் போதுமா?

அளவு என்பது என்ன?

தாராவியில் இருந்து என் கடைக்கு வந்த திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர் இளமையில் பனையேறியவர். அவர் சொன்னார்: “அண்ணாச்சி, என் தளையை எந்தம்பிக்குக்கூடக் குடுக்க மாட்டேன். அவன் காலு வேற, என் காலு வேற.” இந்த ஒரு வாக்கியத்தில் முழு சாஸ்திரமும் இருக்கிறது. இன்று கடைக்கு வரும் காண்டிராக்டர் என்ன கேட்கிறார்? “ஒரு பெல்ட் குடுங்க, எல்லாருக்கும் ஆகணும்.” ஐந்து பேருக்கு ஒரே பெல்ட்! அதுவும் விலை குறைந்த வெறும் இடுப்புப் பெல்ட்.

விழுகிறவனை இடுப்புப் பெல்ட் மட்டும் நிறுத்தினால் வயிறும் முதுகெலும்பும் அடிபடும். பெல்ட் தளர்ந்திருந்தால் ஆளே அதிலிருந்து நழுவிவிடலாம். முழு உடல் பட்டை அந்த அதிர்ச்சியைத் தொடை, இடுப்பு, மார்பு என்று பகிர்ந்து கொடுக்கும். இந்தியத் தர அமைப்பின் ஐ.எஸ். 3521 இந்தப் பட்டைகளுக்கான தர எண். வாங்கும்போது அதைப் பாருங்கள்.

பிறகு உடம்பில் மாட்டிப் பாருங்கள். தொடைப்பட்டைக்கு உள்ளே விரித்த கை நுழைய வேண்டும், மடக்கிய முஷ்டி நுழையக் கூடாது. முதுகு வளையம் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே நிற்க வேண்டும். மார்புப்பட்டை கழுத்துக்கு ஏறக் கூடாது. மரத்தைச் சுற்றும் கயிறு தொய்வில்லாமல் இருக்க வேண்டும். தொய்வு கூடினால் விழும் தூரமும் கூடும். அரிவாள் வீசும் இடத்தில் ஒற்றைக் கயிறு போதாது, இரண்டாவது கட்டு ஒன்று வேண்டும். வெட்டு கயிற்றில் விழுவதும் நடக்கிற காரியம். தையல் பிரிந்த பட்டையையும் ஒருமுறை விழுந்தவனைத் தாங்கிய பட்டையையும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். விழுந்தவர் பட்டையில் அசைவில்லாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி உயிருக்கே ஆபத்து. அதனால் சீக்கிரம் இறக்கத் தெரிந்த ஒருவர் கீழே நிற்பது அவசியம்.

நம் வாசலில்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் குடியிருப்புகளில் தென்னை நிற்கிறது. மழைக்கு முன் மட்டையும் காயும் இறக்க ஆளைக் கூப்பிடுகிறோம். மரத்தைக் காக்க மகாராஷ்டிரத்தில் 1975ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. கீழே நடப்பவரைப் பற்றிய கவலையும் நமக்கு உண்டு; 2017இல் செம்பூரில் தென்னை சாய்ந்து வழியில் போன ஒரு பெண்மணி உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. மேலே ஏறுகிறவரைப் பற்றி மட்டும், கூலி எவ்வளவு என்பதற்கு மேல் நாம் கேட்பதில்லை.

கொல்லாமையை ஆடு மாட்டோடு நிறுத்திவிடக் கூடாது என்பது என் எண்ணம். நாம் கூலி கொடுத்து ஏற்றுகிற மனிதர் முழுசாக இறங்கி வருவதும் அதில் சேர்ந்ததே. ஒவ்வொரு குடியிருப்புச் சங்கமும் நல்ல பட்டை ஒன்றை வாங்கி வைக்கட்டும். ஏற வருபவர் உடம்புக்கு அதை இழுத்துச் சரிசெய்து, கையை விட்டுப் பார்த்த பிறகே மரத்தில் கால் வைக்கச் சொல்லட்டும். ஐந்து நிமிஷ வேலைதான் இது.